விரிசல் விழுந்த சுவரடியில் உறக்கம்

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. இலங்கையின் பதுளை மாவட்டம். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் மீரியபெத்தைத் தோட்டத்தில் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். நாள்கணக்கில் பெய்த மழையில் ஊறிப்போயிருந்த மலை, எட்டு மணியாவதற்கு முன்பே பெயர்ந்து வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. வீடுகளோடு கோயிலும் போயிற்று, கடைகளும் போயின. புத்தகப் பையோடு திரும்பிய பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. புதைந்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்று முதல்நாள் செய்திகள் சொல்லின. பின்னர் அந்தக் கணக்கு நாற்பதுக்குள் நின்றது. அவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

மலை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடவில்லை. இலங்கையில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பமானபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்கள் இரண்டு: பதுளை, நுவரெலியா. மீரியபெத்தை குடியிருப்புக்கு ஏற்ற இடமல்ல என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. நிலத்தில் வெடிப்பு கண்டதை அங்கிருந்தவர்களும் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் ஏன் அங்கேயே இருந்தார்கள்? அந்த வாரம் முழுக்கக் கொழும்பில் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்ட தொனியில் அனுதாபம் பாதி, சலிப்பு பாதி.

ஆபத்தைக் கண்ணால் பார்த்தபிறகும் மனிதன் எப்படித் தூங்குகிறான் என்பதற்கு உளப்பகுப்பாய்வு நூறாண்டுக்கும் மேலாக ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. தாங்க முடியாத பதற்றம் வரும்போது மனம் தனக்குத் தெரியாமலே தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அதன் சாரம். பதுளை அடங்கிய ஊவா மாகாணத்து மலைகளில் அந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் எங்கே பொருத்துவது என்பதில்தான் சிக்கல். லயத்தில் இருப்பவனுடைய மனத்துக்கு மட்டும் பொருத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள், கதையின் பெரிய பாதியை விட்டுவிடுகிறார்கள்.

வியன்னாவில் நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்ட், மனத்தின் 'தற்காப்பு' பற்றி 1894-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். பொறுக்க முடியாத ஒரு நினைப்பை மனம் வாசலிலேயே தடுத்துவிடுகிறது. தடுக்கப்பட்டது அழிந்துபோவதில்லை, கை விளங்காமல் போவதாகவோ காரணமற்ற பயமாகவோ வேறு வழியில் வருகிறது என்றார். அடக்கி வைப்பதால்தான் பதற்றம் உண்டாகிறது என்று நீண்ட காலம் நினைத்திருந்தவர், 1926-இல் தன் கருத்தையே தலைகீழாக்கினார். பதற்றம்தான் முதலில் வருகிறது; அது ஓர் அபாயச் சங்கு; அந்தச் சங்கு ஊதியதும் மனம் தற்காப்பில் இறங்குகிறது என்பது அவருடைய புதிய முடிவு. இன்று நாம் படிக்கும் கோட்பாடு இந்தத் திருத்தத்தின்மேல் நிற்கிறது.

இதை ஒழுங்குபடுத்தி ஒரு நூலாக்கியவர் அவருடைய இளைய மகள் அன்னா. 1936-இல், தந்தையின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அந்த நூலை அவர் பரிசாகக் கொடுத்தார். ஒடுக்கல், மறுத்தல், தன் எண்ணத்தைப் பிறர்மேல் ஏற்றுதல், கோபத்தை இடம் மாற்றுதல், உள்ளே வெறுப்பை வைத்துக்கொண்டு வெளியே அளவுக்கு மீறி அன்பு காட்டுதல் என்று மனத்தின் பல வழிகளும் அதன்பிறகு மருத்துவர்களின் அன்றாடப் பேச்சுக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இது பொய் அல்ல. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். தற்காத்துக்கொள்ளும் மனத்துக்கோ, தான் ஒன்றை மறைப்பதே தெரியாது. "எனக்கு ஒரு கவலையும் இல்லை" என்று சொல்பவர் மனமார அப்படியே நம்பித்தான் சொல்கிறார். இரவில் மூன்று தடவை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகத் தெரியுமே தவிர, பயமாகத் தெரியாது.

தோட்டத்து வாழ்க்கையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அதிகாலையில் பேர் பதியும் பிரட்டு முடிந்து மலைக்கு ஏறுகிற பெண் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குக் கொடுக்க வேண்டும். 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும். மழையும் அட்டையும் தின்ற ஒரு நாளில் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டினால் 'அரைப்பேர்'தான், அதாவது பாதி நாள் கூலிதான். தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளையிடம் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் நாளைக்கு எந்த மலை கிடைக்குமோ. சாயங்காலம் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலிருந்து கூட்டிவந்த குழந்தை தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுகிறது. அதன் முதுகில் விழும் அடி அந்தக் கோப்பைக்கு உரிய அடியல்ல என்பது அடித்தவளுக்கு அந்த நேரத்தில் தெரியாது. கோபம் உண்மையானது, விலாசம்தான் மாறிவிட்டது. உளப்பகுப்பாய்வு இதை இடம்பெயர்த்தல் என்கிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவிலான காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் இடத்தில் இன்னொன்றும் நடக்கும். பக்கத்துக் காம்பராவில் புதுத் தொலைக்காட்சிப் பெட்டி வந்திறங்கியதும், "அவளுக்கு எங்கமேல பொறாமை, கண்ணு வைக்கிறா" என்ற பேச்சு கிளம்பும். பொறாமை யாரிடம் பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. தன்னுள் இருப்பதை ஒத்துக்கொள்ள முடியாத மனம், அதை எதிர்வீட்டுக்காரியின் கண்ணில் கண்டுபிடித்துவிடுகிறது. இதெல்லாம் தோட்டத்துக்கே உரிய வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொழும்பு அடுக்குமாடியிலும் சென்னைக் குடியிருப்பிலும் இதே கண்தான். தடுப்புச் சுவர் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவே.

தோட்டத்தில் பயத்தைக் கையாள மக்கள் கண்டுபிடித்தவற்றில் மிகவும் சுவாரசியமானது ரோதை முனி. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் சக்கரங்களும் வார்ப்பட்டிகளும் அவர்கள் ஊரில் இருந்ததில்லை. கையைச் சற்று அசட்டையாக நீட்டினால் போதும், இழுத்துவிடும். அந்தப் பயத்துக்கு மலையகம் ஒரு புதுச்சாமியையே உண்டாக்கிக்கொண்டது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ரோதையை, அதாவது அந்தச் சக்கரங்களை, காக்கும் முனி அது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி கையில் பட்டுவிடாமல் காக்க ஒரு கவ்வாத்துச் சாமியும் உண்டு.

பிராய்ட் 1909-இல் வெளியிட்ட ஒரு பதிவு இங்கே நினைவுக்கு வருகிறது. வியன்னாவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் குதிரை கடித்துவிடும் என்று பயந்து தெருவுக்கு வர மறுத்தான். அவனுடைய உண்மையான பயம் அப்பாவைப் பற்றியது, அது குதிரைக்கு மாற்றப்பட்டது என்று பிராய்ட் விளக்கினார். மாற்றியதில் ஒரு இலாபம் இருக்கிறது: அப்பாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்தாக வேண்டும், குதிரையைத் தவிர்க்க வீட்டுக்குள் இருந்தால் போதும். யந்திரத்தோடு பேச முடியாது, அதன் பாதுகாப்பு மூடியைப் போடச் சொல்லி நிர்வாகத்தோடும் அந்தக் காலத்தில் பேச முடியாது. முனியோடு பேசலாம். ஒரு சேவலும் கொஞ்சம் சாராயமும் வைத்தால் கேட்டுக்கொள்வார். பயம் போகவில்லை, பேரம் பேசக்கூடிய ஓர் ஆளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

கோட்பாடு இந்த இடத்தில் அழகாகப் பொருந்துவதாலேயே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 1998-இல் ரோய் பௌமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும், பிராய்டின் தற்காப்பு முறைகளில் எவற்றுக்கு ஆய்வுகூடத்தில் ஆதாரம் கிடைக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். மறுத்தலுக்கு ஆதாரம் பலமாக இருந்தது. உள்ளே ஒன்றை வைத்து வெளியே அதற்கு எதிரானதைக் காட்டும் பழக்கத்துக்கும் இருந்தது. இடம்பெயர்த்தலுக்கு அவ்வளவாக இல்லை. ஆகவே ரோதை முனியை இடம்பெயர்ந்த பயம் என்று சொல்வது ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். முனியைக் கும்பிடும் தொழிலாளி தன் வாசிப்பை இதைவிட மேலானதாகக் கருத எல்லா உரிமையும் உடையவர்.

ஊவாவைப் பொறுத்தமட்டில் உளப்பகுப்பாய்வு எங்கோ ஐரோப்பாவில் கிடந்த சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தத் துறையில் உலகம் எங்கும் படிக்கப்படும் நூல்களில் ஒன்று இந்த மாகாணத்து மண்ணிலிருந்தே எழுதப்பட்டது. பதுளையைப் போலவே மொனராகலை மாவட்டமும் ஊவாவில்தான் இருக்கிறது. அதன் தென்கோடியில் கதிர்காமம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலும் மானிடவியல் கற்பித்த கணநாத் ஒபேசேகர கதிர்காமத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். தீமிதிப்பவர்களைப் பற்றி 1978-இல் எழுதினார். 1981-இல் வெளிவந்த 'மெடூசாவின் கூந்தல்' என்ற நூலில், சடைமுடி வளர்த்துச் சாமியாடும் பெண்களின் வாழ்க்கையை ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டு எழுதினார்.

அந்தப் பெண்கள் பெரும்பாலும் சிங்களப் பௌத்தர்கள். ஆனால் அவர்கள் சொன்னதை எந்தத் தோட்டத்துப் பாட்டியும் ஒரு வினாடியில் புரிந்துகொள்வாள். குடும்பத்தில் ஒரு சாவு. செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லையே என்ற உறுத்தல். கணவனோடு ஒட்டாத வாழ்க்கை. ஒருநாள் செத்தவருடைய ஆவி வந்து பிடித்து ஆட்டுகிறது, அடிக்கிறது, வதைக்கிறது. வீட்டார் பைத்தியம் என்கிறார்கள். பிறகு கதிர்காமம். அங்கே வதைத்த அதே ஆவி மெல்ல மெல்லக் காவலாக மாறுகிறது, தெய்வத்தின் தூதாகிறது. தலையில் சடை விழுகிறது; அது தெய்வம் தந்த வரம். நேற்றுவரை பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவளிடம் இன்று குறி கேட்கச் சனம் வந்து நிற்கிறது.

சாதாரணமாக ஒரு பிராய்டியர் இதை நோய்க்குறி என்று எழுதி முடித்திருப்பார். ஒபேசேகர அப்படிச் செய்யவில்லை. தனியொருத்தியின் உள்ளே கிடந்து அவளை நோயாளியாக்கியிருக்கக்கூடிய குற்றவுணர்வை, ஊரார் எல்லாருக்கும் பொதுவான ஓர் அடையாளமாக மாற்றிக் கொடுப்பது பண்பாடு செய்யும் வேலை என்றார். கனவு தன் வேலையைச் செய்வது போலப் பண்பாடும் ஒரு வேலை செய்கிறது என்ற இந்தக் கருத்து, பிராய்டைக் கதிர்காமத்துக்கு அழைத்துவந்து திருத்தி அனுப்பியது என்றே சொல்லலாம். ஒபேசேகர 2025-இல் காலமானார். தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது போதாது.

தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, சிவன் எரித்த மன்மதனுக்காக ரதி அழும் கதையை இரவு முழுக்க ஆடுவார்கள். பல தோட்டங்களில் ரதி வேடம் கட்டுவது ஆண்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது சுற்றி நிற்கும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். எரிந்துபோன மன்மதனுக்காக மட்டும் அந்த அழுகை இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இருப்பாள். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போன அக்காவை அதற்குப் பிறகு பார்க்காதவளும் இருப்பாள். வீட்டில் அழுதால் விடியற்காலைப் பிரட்டுக்கு எழுந்திருக்க முடியாது. அதனால் அங்கே அடக்கி வைத்ததை இங்கே ரதியின் பெயரில் இறக்கிவைக்கலாம்.

தற்காப்பு நல்லதா, கெட்டதா? நேரத்தைப் பொறுத்தது. 1980-களில் அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சாதித்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த நாட்களே இருந்தார்கள். பதறியவர்களைவிட அவர்கள் நிலை மேலாக இருந்தது. வீட்டுக்குப் போனபின் கதை மாறியது. அடுத்த ஆண்டில் அவர்கள்தான் அதிகமாக மருத்துவமனைக்குத் திரும்பினார்கள், ஏனென்றால் ஒன்றுமில்லாதவன் மருத்துவர் சொன்னதை ஏன் கேட்க வேண்டும்? முதல் சில நாட்களுக்கு மருந்தாக இருந்த மறுப்பு, பிறகு அதுவே நோயாகிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்ஹாமும் குண்டுவீச்சால் வீடிழந்த பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார்கள். அங்கே அப்பாவைப் பறிகொடுத்த நாலு வயதுப் பையன் ஒருவன், காகிதத்தில் வீடு கட்டிக் குண்டு போட்டுக்கொண்டே இருந்தான். வீடு ஒவ்வொரு தடவையும் இடியும், ஆட்கள் ஒவ்வொரு தடவையும் தப்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் இந்த விளையாட்டு ஓடியது. ஒருநாள் விளையாட்டு நின்றது. அப்பா செத்துப்போனதை அவன் தன் வாயால் சொன்னான். அவனை அவசரப்படுத்தி உண்மையைத் திணிக்காமல் இருந்ததுதான் அங்கிருந்தவர்கள் செய்த நல்ல காரியம். பேரிடருக்குப் பிறகு முகாம்களுக்குப் போகும் உளவளத்துணையாளர்கள் இன்றும் பிள்ளைகள் கையில் முதலில் கொடுப்பது வர்ணப் பென்சிலைத்தான்.

இனி மீரியபெத்தைக்குத் திரும்பலாம்.

சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. முதல் நாள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். கொஞ்சம் சீமெந்து குழைத்துப் பூசுவார்கள், அல்லது அந்த இடத்தில் சாமிப் படம் போட்ட நாட்காட்டியைத் தொங்கவிடுவார்கள். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். "தாத்தா காலத்துல இருந்தே இந்த மலை இப்படித்தான்" என்பது நியாயப்படுத்தல். "மாரியாத்தா பார்த்துக்குவா" என்பது பொறுப்பை மேலே ஏற்றுவது. இவற்றை மறுப்பு என்று அழைக்கலாம். அழைப்பது தவறும் அல்ல. ஆனால் அந்தக் காம்பராவில் இருப்பவருக்கு வேறு எங்கே போக இடம் இருந்தது? லயம் அவருடைய சொத்தல்ல, தோட்டத்தின் சொத்து. அவர் பெயரில் ஒரு பேர்ச் காணி கிடையாது. வேலையை விட்டால் வீடும் இல்லை, வீட்டை விட்டால் வேலையும் இல்லை. ஓட வழியிருந்தும் கண்ணை மூடிக்கொள்பவன் ஒரு ரகம். ஓட வழியே இல்லாததால் கண்ணை மூடிக்கொள்பவன் வேறு. இரண்டாமவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அவனுக்கு மிஞ்சுவது உறக்கமில்லாத இரவுகள் மட்டுமே. மறுநாள் பிரட்டுக்கு அவன் எழுந்திருக்க வேண்டுமே!

மறுப்பை வலுவாகக் கட்டியெழுப்ப வசதி இருந்தது வேறு இடத்தில்: அலுவலகங்களில். இலண்டன் மருத்துவமனை ஒன்றின் தாதியர் சேவை ஒழுங்கைச் சீராக்க உதவும்படி அழைக்கப்பட்ட இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், 1960-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல துணை. நோயும் சாவும் தரும் பதற்றத்திலிருந்து தப்பிக்க அந்த மருத்துவமனையின் நிர்வாக முறையே ஒரு தற்காப்பாக வளர்ந்திருந்தது என்றார் அவர். நோயாளியைப் பெயர் சொல்லாமல் பத்தாம் கட்டிலின் ஈரல் நோய் என்றார்கள். ஒவ்வொரு முடிவும் மேலே, மேலே என்று அனுப்பப்பட்டு யாருடைய முடிவும் அல்லாததாக ஆனது. தனி மனிதர்கள் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை, முறையே அவர்களுக்காக உணராமல் இருந்துகொள்ளும்.

இங்கேயும் அப்படித்தான். தோட்டத்துத் தொழிலாளிக்குப் பெயருக்கு முன் செக்ரோல் என்னும் பேர்ப்பதிவேட்டின் இலக்கம் வந்தது. அபாயக் கடிதம் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. காணி யாருடையது என்ற கேள்வி அரசுக்கும் குத்தகைக்கு எடுத்த நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடுவே நின்றது. கோப்பில் 'தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு வரி விழுந்ததும் மனசாட்சிக்குப் பாரம் இறங்கிவிடுகிறது. தொங்கவிட்ட நாட்காட்டியும் இந்த வரியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், கோப்பு எழுதியவர் உறங்கும் அறை மலையடியில் இல்லை.

பிராய்ட் விரும்பிச் சொல்லும் வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. இரவல் வாங்கிய கெண்டியை ஓட்டையாகத் திருப்பிக் கொடுத்தவன் மீது வழக்கு. அவன் மூன்று பதில் சொன்னானாம்: நான் கெண்டியை நல்லபடியாகத்தான் திருப்பிக் கொடுத்தேன், வாங்கும்போதே அதில் ஓட்டை இருந்தது, நான் கெண்டியே வாங்கவில்லை. ஒவ்வொன்றும் தனியாகச் சரி, மூன்றும் சேர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. மண்சரிவுக்குப் பிறகு வெவ்வேறு வாய்களிலிருந்து வந்த பதில்களை ஒன்றாக அடுக்கினால் அந்தக் கெண்டிதான் ஞாபகம் வரும்: எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை, போகச் சொல்வது எங்கள் வேலையல்ல, போகச் சொல்லியிருந்தாலும் கொடுக்கக் காணி இல்லை.

உயிர் பிழைத்தவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களிலும் பிறகு மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் இறங்கியது. மறுபடியும் லயங்கள், மறுபடியும் முகாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் ஒரே நேரத்தில் சரிந்தன. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மறுப்பைவிட மேலான தற்காப்பும் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேரை 1938 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவர் ஜோர்ஜ் வேலண்ட். தற்காப்பு முறைகளுக்குள்ளும் பக்குவமானவை, பக்குவமற்றவை உண்டு என்று அவர் 1977-இல் எழுதினார். நகைச்சுவை, பிறருக்கு உதவுவது போன்றவை பக்குவமான பக்கத்தில் இருந்தன. முன்னுணர்தலும் அங்கே இருந்தது. வரப்போகும் துன்பத்தை இப்போதே தாங்கக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் உணர்ந்து, அதற்கு ஆயத்தமாவது அது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையடிக் கிராமங்களுக்குக் கொடுத்த சின்ன மழைமானிகள் செய்வதும் இதையே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு. 100 தாண்டினால் ஆயத்தமாகு. 150 தாண்டினால் வெளியேறு. இனம்தெரியாத ஒரு பெரிய பயத்தை அந்தக் கருவி மூன்று எண்களாக்கிவிடுகிறது, எண்ணோடு வாழலாம். ஆனால் 'வெளியேறு' என்ற மூன்றாவது எண்ணுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை மனம் உண்டாக்கித் தர முடியாது. காணி உறுதிதான் தர முடியும். மலையகத்தில் மண்சரிவு பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறவர்கள், கூட்டத்துக்கு வரும்போது கையில் காணித்திட்டமும் கொண்டுவந்தால் மக்களுடைய மறுப்பு எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதைக் கண்ணால் காணலாம்.

அதுவரைக்கும் மலையடியில் இருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. நிலத்தில் புதிதாக வெடிப்பு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்வது, ஊற்று திடீரென்று வற்றுவது அல்லது புது இடத்தில் கிளம்புவது, தெளிந்த நீர் கலங்கி வருவது, கதவு சட்டத்தில் இறுகுவது — இவற்றில் எதைக் கண்டாலும் நாட்காட்டியை மாட்டாதீர்கள். கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. மண் நின்றபிறகும் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். பிராய்ட் பதற்றத்தை அபாயச் சங்கு என்று எழுதியதும் 1926-இல்தான். இலக்கம் அப்படி அமைந்தது தற்செயல்.